பச்சை வந்தால்தான் போகும்

3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கெர்லிங்கிலிருந்து கோலா குபு பாரு வரை மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டே. மழைக்கோட்டில் தையல் விட்டுப்போச்சு. புதிது வாங்கணும். (மூன்று மாதமாக இதையே எழுதுகிறேன்.)

முதியோர் இல்லத்தில் மொத்தம் பதினொரு பேர், என் பொறுப்பில் நாலு பேர். குளிப்பாட்டு, ஊட்டு, படுக்கை மாற்று. அதெல்லாம் கை தானாகச் செய்யும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரிப்போர்ட் எழுத உட்காரும்போதுதான் உடம்பில் எந்தெந்த இடம் வலிக்கிறது என்று தெரிகிறது.

போன மாதத்திலிருந்து ரிப்போர்ட் இங்கிலீசில், டேப்லெட்டில். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் தினமும் படிக்க. நான் படித்தது தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை. அதிலும் பாதி நாள் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டில். அதனால் டேப்லெட்டுக்குள்ளேயே திருத்துகிற கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். தப்பு என்றால் சிவப்புக் கோடு. இதைவிட நன்றாகச் சொல்லலாம் என்றால் நீலக் கோடு. கோட்டைத் தொட்டால் அதுவே மாற்றி எழுதும். மூலையில் மார்க். எண்பத்தைந்து வந்தால் பச்சை. பச்சை வந்தால்தான் ரிப்போர்ட் போகும். கூடவே ஒரு போட்டோ கட்டாயம். சட்டைப் பொத்தான் போட்டு, தலை சீவி, சிரித்த முகமாக.

கருவிக்கு நான் வைத்த பேர் மாமியார். நான் எதைச் செய்தாலும் குறை, பிறகு தானே எடுத்துச் செய்துவிட்டு மினுக்குவது.

இன்று நாலாம் அறை ஐயாவைப் பற்றி எழுதியது: ‘அங்கிள் ஈட் ஹாஃப் போரிட்ஜ். டோன்ட் வாண்ட் பாத். ஃபைட் வித் மீ.’ மார்க் 52. ஒவ்வொரு கோடாகத் தொட்டு முடித்தபோது 96. ஐயா உணவை ஓரளவு உட்கொண்டார், குளியல் குறித்துத் தன் விருப்பத்தைத் தெரிவித்தார் என்கிற மாதிரி ஏதோ ஆகியிருந்தது. விருப்பமா? வாளியை உதைத்தார்.

மேனேஜர் கோமதி பார்த்துவிட்டு, “பார்த்தீங்களா அக்கா, லாயர் மாதிரி எழுதுறீங்க.”

“லாயர் சம்பளமும் குடுத்துடுங்கம்மா.”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நல்ல பிள்ளைதான்.

வாங்க: தைலம், வெங்காயம், போனுக்கு டாப் அப்.

4, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

காலையில் ஐயா கஞ்சிக் கிண்ணத்தை வீசினார். என் சட்டை, சுவர், ஜன்னல் துணி, எல்லாம் கஞ்சி. என்னைக் கழுதை என்றார். “கழுதைதான் ஐயா, உங்கள சுமக்கிறேனே” என்றேன். கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு இருவரும் சிரித்தோம். சிரித்ததில் இருமல் வந்து, அடங்கக் கால் மணி நேரம்.

ஐயா பேர் கனகரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தோட்டத்தில் பெரிய கிராணியாக, துரை ஆபீசில் தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பத்தெட்டு. தலையணைக்கடியில் சிவப்புப் பென்சில் ஒன்று எப்போதும். பேப்பர் வந்தால் அதில் தப்பு பிடித்து வட்டம் போடுவார். நோட்டீஸ் பலகையில் இருக்கிற சாப்பாட்டுப் பட்டியலுக்கு ஒருதரம் பத்துக்கு மூன்று போட்டார்.

சாயங்காலம் நான் ரிப்போர்ட் எழுதும்போது டேப்லெட்டைப் பிடுங்கிப் படித்தார்.

“உது ஆற்றை இங்கிலீஷ்?”

“என்னோடதுதான் ஐயா.”

“பொய் சொல்லாதை. உன்ரை இங்கிலீஷ் எனக்குத் தெரியும். நொண்டி இங்கிலீஷ். உது சப்பாத்துப் போட்டு நடக்குது.” இன்னும் கொஞ்சம் படித்தார். “காலமை உணவு வேளையில் சிறு அமைதியின்மையோ? நான் கிண்ணத்தால எறிஞ்சனான் எண்டு எழுது.”

“எழுதினேன் ஐயா. மாமியார் மாத்திட்டா.”

மதியமும் சாப்பிடவில்லை. இரண்டு மடக்குப் பால்.

வாராவாரம் மாமியார் அனுப்புகிற வாழ்த்து இன்று வந்தது. இந்த வாரம் என் எழுத்தில் தன்னம்பிக்கை கூடியிருக்கிறதாம். முட்டியில்தான் ஒன்றுமில்லை.

5, புதன்

டாக்டர் வரும் நாள். ஐயாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: வயதாகிவிட்டது, உடம்பு மூடிக்கொண்டு வருகிறது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி அலைக்கழிக்க வேண்டாம், பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளை ஒருத்திதான். வத்சலா. மெல்போர்னில் கணக்காளர். மாதா மாதம் எல்லாம் சரியாகச் செய்கிறாள், ரிப்போர்ட்டையும் ஒருநாள் விடாமல் படிக்கிறாள். நேரில் வந்து நாலு வருஷம்.

இன்றைக்கு நான் எழுதியது: ‘அங்கிள் நோ ஈட் டூ டே. டாக்டர் சே நாட் லாங். யூ கம் ஃபாஸ்ட்.’ மாமியார் மூன்று வரிக்கும் கோடு. கீழே ஒரு சின்ன முகம் வேறு, இந்தத் தொனி படிப்பவரைப் பதறவைக்கலாம் என்று. பதறத்தானே எழுதினேன்? மார்க் 44. தொட்டேன். ஏறியது. தொட்டேன். ஏறியது. 94. பச்சை. திரும்பப் படித்தேன், ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து. பசி குறைந்துள்ளது, மருத்துவர் தொடர்ந்து கவனித்து வருகிறார், உங்களுக்கு வசதிப்படும்போது வந்து பார்க்கலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொன்னதும் இல்லை.

போகவிட்டேன். கோடு இருந்தால் வெட்கமாக இருக்கிறது. அதுதான் உண்மை. சிவப்பைக் கண்டால் இன்னமும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது.

அரை மணியில் வத்சலாவின் பதில். நன்றி, அப்பா வசதியாக இருப்பதில் நிம்மதி, வேலை முடிந்து டிசம்பரில் வருகிறேன்.

கோமதியிடம் போனேன். “நீங்க ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்கம்மா.”

“ஈமெயில் அனுப்பிட்டேன் அக்கா.”

“மாமியார் பார்த்து அனுப்பினதா?”

கோமதி பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, “அக்கா, போன மாசம் இந்தக் கருவி போடுறதுக்கு முன்னாடி ஒரு ரிப்போர்ட்ல ‘யுவர் மதர் க்ரை’ன்னு போயிடுச்சு. மறுநாளே வந்து அம்மாவ வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. முதலாளி என்னைக் கிழிச்சு எடுத்துட்டாரு. நான் என்ன செய்றது லா?”

அவளுக்கும் பயம்.

6, வியாழன்

வானம் மூட்டம். துணி எதுவும் காயவில்லை.

ஐயா இன்றும் சாப்பிடவில்லை. பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில். மதியம் கொஞ்சம் தெளிவு. ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். தானாகவே பேச ஆரம்பித்தார். தோட்டத்தில் லயத்துக் கூலி ஆட்களுக்கெல்லாம் இவர்தான் வெள்ளைக்காரத் துரைக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பாராம்.

“ஒருத்தன் வந்து நிண்டான். ‘கிராணி, எம்புள்ள சாகக் கெடக்குது, ரெண்டு நாளு லீவு கேளுங்க’ எண்டு அழுதான். நான் எழுதினன், பிள்ளைக்குச் சற்று உடல்நலக் குறைவு, துரை அவர்கள் தயைகூர்ந்து எண்டு. நல்ல இங்கிலீஷ். ஒரு பிழை இல்லை.”

“துரை லீவு குடுத்தாரா ஐயா?”

“சற்று உடல்நலக் குறைவுக்கு ஆர் லீவு குடுப்பினம்?”

அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தினமும் கேட்கிற கேள்வி: “வத்சலா வந்தவளோ?”

“வந்துகிட்டு இருக்காங்க ஐயா.”

“நீ நல்லாப் பொய் சொல்லுறாய். அதுக்குப் பத்துக்குப் பத்து.”

பஞ்சை மறுபடி நனைத்து உதட்டில் வைத்தேன்.

குடும்பத்தாரை நாங்கள் நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது. சட்டம். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஐயா அலமாரிக் கதவின் உள்பக்கம் அவசரத்துக்கு வத்சலாவின் நம்பர் ஒட்டியிருக்கிறது. வேலை முடிந்து வெளியே வந்து, மோட்டாரில் உட்கார்ந்தபடியே என் போனிலிருந்து அனுப்பினேன். ‘அப்பா த்ரீ டே நோ ஈட். ப்ளீஸ் கம் நவ். டோன்ட் டெல் ஆஃபீஸ்.’

மனசு லேசாகிவிட்டது. வரும் வழியில் வெங்காயம் வாங்கினேன். தைலம் மறந்துபோச்சு.

7, வெள்ளி

போய் இறங்கியதுமே கோமதி கூப்பிட்டாள். முகம் சரியில்லை. கதவைச் சாத்தச் சொன்னாள்.

வத்சலா என் மெசேஜை அப்படியே இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறாள். இந்த மாதிரி ஏமாற்றுக் கூட்டம் நிறைய உண்டு, எங்கள் குடும்ப விவரம் எப்படி வெளியே போனது என்று. என் நம்பரை முடக்கிவிட்டாளாம்.

“காசு கேக்கிற கும்பல்னு நெனச்சுட்டாங்க அக்கா.”

“நான் காசே கேக்கலையேம்மா.”

“அடுத்த மெசேஜ்ல கேப்பீங்கன்னு நெனச்சிருக்காங்க.”

சிரிப்பு வந்துவிட்டது. கோமதிக்கு வரவில்லை. அவள் கடைசி வரியைப் படித்துக் காட்டினாள்: உங்கள் இல்லத்து ரிப்போர்ட்டுகள் எப்போதும் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும், இதைப் பார்த்தாலே தெரிகிறது உங்கள் ஊழியர் எழுதியது இல்லையென்று.

அதாவது ஒரு மாதமாக நான் பச்சையில் எழுதியதெல்லாம் சேர்ந்து, நான் நான் இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டது.

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். திங்களுக்குள் பதில் எழுதணும். ஏன் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்று. இங்கிலீசில். “மாமியார எடுத்துக்கலாமா?” என்று கேட்டேன். கோமதி கண் கலங்கி, “ஏன் அக்கா இப்படிச் செஞ்சீங்க, உங்களால எனக்கும் சேர்த்துப் பிரச்சனை லா” என்றாள். மெசேஜை நான்தான் அனுப்பினேன் என்று வத்சலாவுக்கு எழுதிவிடச் சொன்னேன். அது முதலாளியைக் கேட்டுத்தான் என்றாள். முதலாளி ஈப்போவில்.

ஐயா நாள் முழுக்கத் தூக்கம். சாயங்காலம் கண் திறந்து, அதே கேள்வி.

கால் பிடித்துவிட்டேன்.

ரிப்போர்ட்: 97. என்ன போனது என்று படிக்கவில்லை.

8, சனி

காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. இடுப்பு. வீட்டுக்காரர், “மேடம், ஆபீசுக்கு நேரமாச்சு” என்று கேலி. என்னிடமிருந்து கற்றுக்கொண்டது.

மோட்டாரில் வரும்போது ஒன்று தோன்றியது. மாமியார் எழுத்தைத்தான் பார்ப்பாள். போட்டோவைப் பார்க்க மாட்டாள்.

பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம், கையால் எழுதினேன்:

‘மிஸ் வத்சலா. அப்பா ஃபைவ் டே நோ ஈட். எவ்ரி டே ஹி ஆஸ்க், வத்சலா கம் ஆர் நாட். டோன்ட் வெயிட் டிசம்பர். கம்.’

கீழே என் பேர், பாக்கியம், ரூம் நாலு.

ஆனால் இதை அப்படியே அனுப்பினாலும் கும்பல் என்றுதானே நினைப்பாள்? பத்து மணிக்கு ஐயாவுக்குக் கொஞ்சம் தெளிவு. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தினேன். தாளைக் கொடுத்தேன்.

“ஐயா, இதக் கொஞ்சம் திருத்திக் குடுங்க.”

கண்ணாடி போட்டுவிட்டேன். படித்தார். ரொம்ப நேரம். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தலையணைக்கடியில் கையை விட்டுத் துழாவினார். பென்சிலை நான் எடுத்து விரல்களுக்கிடையில் வைத்தேன். தாளுக்கடியில் தட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வரியாகத் திருத்தினார். அடித்தார், மேலே எழுதினார், அம்புக்குறி போட்டார். கை நடுங்கி எழுத்தெல்லாம் புழு மாதிரி. நடுவில் இரண்டு தரம் கண்ணை மூடிக்கொண்டார். அரை மணி நேரம் இருக்கும். என் கை மரத்துப்போச்சு. தட்டை ஆட்டவில்லை.

கடைசிச் சொல்லுக்கு வந்தார். ‘கம்.’ பென்சில் அதன் மேலே நின்றது. முன்னால் ‘ப்ளீஸ்’ போடுவார் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கச் சொன்னால்கூட என்னை ‘ப்ளீஸ்’ சொல்லவைக்கிற ஆள். போடவில்லை. அப்படியே விட்டுவிட்டார். ஓரத்தில் மார்க் போட்டார், பத்துக்கு நாலு. கீழே சின்னதாகக் கையெழுத்து.

“நாலுதானா ஐயா?”

“நாலே கூடிப்போச்சு” என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்து மணிவரை பொறுக்கவில்லை. பதினொன்றரைக்கே ரிப்போர்ட் எழுதினேன். மாமியார் கேட்ட மாதிரியே, நேற்று எழுதியதைத் திரும்ப: ஐயா ஓய்வாக இருக்கிறார். 98. பச்சை. போட்டோ இடத்தில் சிரித்த முகத்துக்குப் பதில் அந்தத் தாள். அழுத்தினேன். போய்விட்டது.

பன்னிரண்டரைக்கு ஆபீஸ் போன். கோமதி ஓடிவந்து, “உங்களத்தான் கேக்கிறாங்க” என்று என் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் வத்சலா:

“பாக்கியம் எண்டது ஆர்?”

“நான்தாம்மா. அப்பாவப் பார்த்துக்கிறவ.”

“அந்த நாலு... அது நடுங்கி இருக்கு.”

“ஆமாம்மா.”

“ஹாஸ்டல்ல இருந்து நான் எழுதிற கடிதமெல்லாம் அப்பா சிவப்பால திருத்தித் திருப்பி அனுப்புவார். என்ரை கலியாணத்தைச் சொல்லி எழுதினதையும் திருத்தித்தான் அனுப்பினவர். அதுக்கும் நாலு. அதுக்குப் பிறகு நான் கடிதம் எழுதேல்லை.” உடனே, “ஏன் ரிப்போர்ட்ல ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்லை?”

மாமியார் கதையை எங்கே தொடங்குவது? “சொன்னேம்மா. போய்ச் சேரல” என்றேன்.

அப்போது அழுதாள். அறுபது வயதுக்காரி. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாளை விமானமாம். கோமதி பிறகு ரிப்போர்ட்டைத் திறந்து போட்டோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அக்கா, நீங்க ஒரு ஆளு லா” என்றாள். பாராட்டா திட்டா தெரியவில்லை. எச்சரிக்கைக் கடிதம் அப்படியேதான் இருக்கிறது. முதலாளி திங்கள் வருகிறார்.

9, ஞாயிறு

லீவு நாள். ஆனாலும் போனேன். கேட்டால் குடையை மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஐயா மூச்சு இழுப்பு. கண் திறக்கவில்லை. காதருகே போய், “ஐயா, நாளைக்கு வர்றாங்க. இது பொய் இல்ல, பத்துக்குப் பூஜ்யம் போடுங்க” என்றேன். விரல் அசைந்தது. அசைந்ததாக நான்தான் நினைத்துக்கொண்டேனோ.

முகம் மழித்துவிட்டேன். நகம் வெட்டவில்லை.

வீட்டில் ரசம் மட்டும். மழைக்கோட்டைக் கையாலேயே தைத்தேன். கோணல்.

10, திங்கள்

வெயில். நாலு நாளுக்குப் பிறகு.

காலை ஒன்பதே காலுக்கு வாடகைக் கார். நீலப் பை, வெட்டிய நரை முடி, இரண்டு நாள் தூங்காத முகம். நேரே நாலாம் அறை. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். “அப்பா” என்றாள். ஒன்றுமில்லை. திரும்ப, “அப்பா, வத்சலா.” ஐயா கண்ணைத் திறந்தார். பார்த்தார், பார்த்தார்.

“சாப்பிட்டியே?” என்றார்.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். “நீங்கள் சாப்பிட்டா நானும் சாப்பிடுவன்.”

நான் ஓடிப்போய்க் கஞ்சி எடுத்து வந்தேன். மூன்று கரண்டி. மூன்றையும் அவள்தான் ஊட்டினாள். மூன்றாவது பாதி கன்னத்தில். கிண்ணத்தை வீச இப்போது பலம் இல்லை. வீசினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மதியம் டாக்டர் வந்தார். இன்றோ நாளையோ, அல்லது இந்த வாரமோ என்றார். வத்சலா தலையாட்டினாள். பிறகு வெளியே வந்து என்னிடம், “அந்தப் பேப்பர் இருக்கோ?” காலண்டர் தாளைக் கொடுத்தேன். மடிக்காமல் ஒரு புத்தகத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

முதலாளி வந்தார். கோமதியோடு ஒரு மணி நேரம் பேச்சு. எனக்கு நாளை காலை பத்து மணிக்கு. பதில் கடிதம் இன்னும் எழுதவில்லை. வத்சலா எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஒரே வரிதான்: சட்டம் தெரியும், தெரிந்துதான் செய்தேன். அதற்கு யார் திருத்தமும் வேண்டாம்.

கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. ஐந்து மணி. கோமதி, “அக்கா, நாலாம் அறை ரிப்போர்ட்?” என்றாள். மகளே வந்து உட்கார்ந்திருக்கிறாள், யாருக்கு ரிப்போர்ட் என்றேன். சிஸ்டத்தில் காலியாக இருந்தால் முதலாளி கேட்பாராம்.

எழுதினேன். ‘டாட்டர் கம். அங்கிள் ஈட் த்ரீ ஸ்பூன்.’

மாமியார் இரண்டு வரிக்கும் கோடு போட்டாள். யாருடைய மகள், எங்கிருந்து வந்தார், மூன்று கரண்டி எது, தெளிவில்லை என்றாள். மார்க் 38. தொட்டால் ஏறும். தொடவில்லை. சிவப்பாகவே கிடக்கிறது, போகவில்லை.

போகாவிட்டால் என்ன. படிக்க வேண்டியவள் உள்ளே உட்கார்ந்து அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.